ஒரே தெருவுல கெட்டிமேளமும் கேதமும்: இதுல கடவுளு எங்க நிக்கிறாரு?

முகப்புத்தூண்:

வணக்கம். ரெண்டு நாளா தூக்கம் இல்ல, அதான் இங்க வந்து கொட்டுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

ஞாயித்துக்கெழமை எங்க ஊர்ல (காரைக்குடி பக்கம், ஊர் பேரு வேண்டாம்) ஒரே தெருவுல ரெண்டு விசேஷம்னு சொல்லலாமா தெரியல. ஒரு வீட்டுல கல்யாணம், தெரு அடைச்சுப் பந்தல், நாயனம், மலேசியாவுலருந்து பங்காளிகள்லாம் வந்துருக்காக. நாலு வீடு தள்ளி ஏழு வயசுப் பொம்பளப்புள்ள, ரத்தப் புத்துநோய், ரெண்டு வருசமா மருந்து, சனிக்கெழமை ராத்திரி போயிருச்சு. கேத வீட்டுக்குப் போயிட்டு கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு நான் முதல்ல கல்யாணத்துல தலையக் காட்டி மொய் எழுதி பந்தியில உக்காந்து கவுனி அரிசி வரைக்கும் சாப்பிட்டுட்டு, வீட்டுக்கு வந்து சட்டைய மாத்திட்டு கேதம் கேக்கப் போனேன். கல்யாண வீட்டுக்காரக மேளத்த நிறுத்திருவோமான்னு கேட்டு ஆள் விட்டிருக்காக, கேத வீட்டு ஐயா 'நல்ல காரியம், நிறுத்தாதீங்க'ன்னு சொல்லிட்டாகளாம். அதனால நாங்க பட்டாலையில (வீட்டுக் கூடத்துல) தலையத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கோம், நாயனச் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு.

அப்பத்தான் ஒரு பெரியவரு, சொந்தக்காரருதான், நல்ல மனுசன்தான், 'என்ன செய்யிறது, போன சென்மத்துல என்ன செஞ்சுச்சோ, கழிச்சுட்டுப் போயிருச்சு'ன்னாரு. புள்ளயோட ஆத்தா காதுல விழுந்துச்சு. ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு ரெண்டாங்கட்டுக்குப் போயிருச்சு. நானும் ஒண்ணும் சொல்லல, அதுதான் இப்ப வரைக்கும் அறுக்குது.

ராத்திரி புறநானூறு 194 ஞாபகம் வந்துச்சு. பக்குடுக்கை நன்கணியார்.

'ஓரில் நெய்தல் கறங்க, ஓரில்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப...'

ஒரு வீட்டுல சாப்பறை, ஒரு வீட்டுல கல்யாண முழவு. ஒருத்தி பூ வச்சிருக்கா, இன்னொருத்தி கண்ணுல தண்ணி நிக்காம வடியுது. அடுத்த வரி, 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்'. இப்படிப் படைச்சவன் நிச்சயமா பண்பு கெட்டவன்தான்னு நேரா சொல்லிட்டாரு மனுசன். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி எங்க தெருவுலதான் அவரு குடியிருந்தாரோன்னு தோணுச்சு.

என் கேள்வி இதுதான். நான் சாமி கும்புடுறவன், வருசா வருசம் குன்றக்குடியிலருந்து பழனிக்கு நடக்குறவன். கடவுள் ஒருத்தர்தான், எல்லாம் செய்ய முடிஞ்சவர், கருணையானவர், இந்த மூணையும் ஒண்ணா வச்சுக்கிட்டு அந்தப் புள்ளய எங்க வைக்கிறது? ஃபார்வேர்டு மெசேஜ் போடாதீங்க, சொந்தமா எழுதுங்க.

கருப்புச்சட்டை:

அண்ணே, வருத்தமா இருக்கு. ஆனா கேட்டதால சொல்றேன், இந்தக் கேள்விக்கு வயசு ரெண்டாயிரத்து முன்னூறு. எபிகூரஸ்னு ஒரு கிரேக்கத் தத்துவக்காரர் பேருல வழங்குறது. கெட்டதத் தடுக்க நினைச்சும் முடியலன்னா அவர் சர்வ வல்லவர் இல்ல, முடிஞ்சும் தடுக்கலன்னா நல்லவர் இல்ல, ரெண்டும் இருக்குன்னா கெட்டது எங்கருந்து வந்துச்சு? 1955ல மெக்கீன்னு ஒரு தத்துவ வாத்தியார் இதையே இன்னும் இறுக்கிக் கட்டுனாரு, மூணும் ஒண்ணா நிக்கவே நிக்காது, ஒண்ணக் கழட்டித்தான் ஆகணும்னு.

நம்ம ஆளும் சும்மா இல்ல. பிச்சை எடுத்துத்தான் ஒருத்தன் உயிர் வாழணும்னா 'பரந்து கெடுக உலகியற்றி யான்'னு வள்ளுவரே சாபம் விட்டிருக்காரு, குறள் 1062. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல 94 புள்ளைக தீயில போச்சுகளே, அன்னிக்கு சுத்தி எத்தனை கோயிலு? கோயிலுக்குப் பேரு போன ஊரு அது. ஆளே இல்லன்னு ஒத்துக்கிட்டா கணக்கு முடிஞ்சுது. ஆள் இருக்காருன்னு வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு வக்கீல் வேலை.

பலகாரப்பிரியன்:

கல்யாணத்துக்கு சமையல் யாரு அண்ணே, கவுனி அரிசி போட்டாகன்னா நல்ல கை போல

முகப்புத்தூண்:

தம்பி வேற இழைக்குப் போ.

ஓரியூர்மண்ணு:

நான் தேவகோட்டை பக்கம், ஆர்.சி. அந்தப் பெரியவர் சொன்னதைப் படிச்சதும் எனக்கு பைபிள்ல வர்ற யோபு கதைதான் ஞாபகம் வந்துச்சு. யோபு நல்லவரு, சொத்து போச்சு, பத்துப் புள்ளைக போச்சு, உடம்பு பூரா கொப்புளம். மூணு கூட்டாளிக துக்கம் கேக்க வர்றாங்க. முதல் ஏழு நாள் வாயத் திறக்காம தரையில கூட உக்காந்திருக்காங்க, அது வரைக்கும் சரி. அப்புறம் வாயத் தொறக்குறாங்க. 'நீ ஏதோ பாவம் செஞ்சிருப்ப, இல்லாம இப்படி வராது'. உங்க பட்டாலையில நடந்தது அப்படியே. கடைசியில கடவுள் வந்து யாரைத் திட்டுறாருன்னு பாருங்க, அவரையே கேள்வி கேட்டு சண்டை போட்ட யோபை இல்ல, அவருக்காக வக்கீல் வேலை பாத்த இந்தக் கூட்டாளிகளைத்தான். என் ஊழியன் யோபு என்னைப் பத்திப் பேசுன மாதிரி நீங்க சரியாப் பேசலன்னுட்டாரு. எங்க வேதத்துலயே அந்தப் பதில் தப்புன்னு இருக்கு, அதுதான் நான் சொல்ல வந்தது.

மத்தபடி கும்பகோணத்துல நடந்தது மனுசனோட பேராசை, அஜாக்கிரதை. கூரைக் கொட்டகையில அத்தனை புள்ளைகள அடைச்சது யாரு? மனுசனுக்கு சுதந்திரம் கொடுத்தா அதுல கெட்டதுக்கும் வழி இருக்கத்தான் செய்யும். பொம்மை நமக்கு நல்லது செஞ்சா அதுக்கு என்ன மதிப்பு?

கருப்புச்சட்டை:

ரத்தப் புத்துநோய்க்கு யாரோட சுதந்திரம் காரணம் சேவியரே (உங்க பேரு தெரியாது, அப்படிக் கூப்பிடுறேன், கோவிச்சுக்காதீங்க)? சுனாமிக்கு? 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணி கடற்கரையில நின்ன யாத்ரீகர்கள அலை வாரிக்கிட்டுப் போச்சு. கோயில் தப்பிச்சுது, புதுமைன்னு சொன்னாங்க. கும்புட வந்த சனம் போச்சே, அது யாரு கணக்கு? நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல. இதே மாதிரி 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், லிஸ்பன்ல சனம் பூரா பூசையில இருக்கும்போது பூகம்பம், சர்ச்சு தலைமேல விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஐரோப்பாவுல 'இருக்குற உலகத்துலயே இதுதான் நல்ல உலகம்'னு பேசிக்கிட்டிருந்தவங்களுக்கு வாய் அடைச்சுது.

யோபு கதையில கடைசியில என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டீங்க. ஆடு மாடெல்லாம் ரெண்டு மடங்கா திருப்பிக் கொடுத்தாரு. புள்ளைக? மறுபடி ஏழு பையன் மூணு பொண்ணு. பழைய எவர்சில்வரப் போட்டு புதுசு வாங்குற மாதிரி. செத்த பத்து புள்ளைக்கும் ஆத்தா ஒருத்தி இருந்தாளே, அவளுக்குப் பத்துக்குப் பத்து சரியாப் போச்சா?

ஓரியூர்மண்ணு:

அது எனக்கும் உறுத்துற இடம்தான், பொய் சொல்லல. சுனாமிக்கு எங்கிட்ட பதில் இல்ல. எங்க கடவுள் மேல நின்னு வேடிக்கை பாக்குறவர் இல்ல, சிலுவையில தானே தொங்குனவர், 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னு அவரே கத்தியிருக்காரு, அந்த ஒரு நெனப்புலதான் நான் நிக்கிறேன். ஓரியூருக்குப் போறப்பெல்லாம் அந்தச் செவப்பு மண்ண எடுத்து நெத்தியில வைப்போம், 1693ல அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ சாமியார்) தலைய வெட்டுன எடம். அந்த மண்ணுக்கு முன்னாடி நின்னா 'ஏன்'னு கேக்கத் தோணாது எனக்கு. இது பதில் இல்லன்னு நீங்க சொன்னா, ஆமா, பதில் இல்லதான்.

கோவிலூர்வாசி:

ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

நீங்க எல்லாரும் ஒண்ண ஒத்துக்கிட்டே ஆரம்பிக்கிறீங்க, கடவுள் எல்லாத்தையும் ஒண்ணுமில்லாததுலருந்து படைச்சாருன்னு. அப்படி வச்சா கருப்புச்சட்டை தம்பி கேக்குறது நியாயம், தப்பிக்க வழியே இல்ல. ஆனா நம்ம சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவே இல்லையே. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரக் கட்டுற தளை) மூணுமே அநாதி, தொடக்கமே இல்லாதது. இறைவன் உயிரை உண்டாக்கல, உயிர ஒட்டுன ஆணவம்ங்கிற அழுக்கையும் அவர் உண்டாக்கல. செம்புல களிம்பு மாதிரி, நெல்லுல உமி மாதிரி, அது என்னிக்கோ கூடவே இருக்கு. களிம்பத் தேச்சு எடுக்குறதுக்குத்தான் உடம்பு, உலகம், வினை எல்லாம். 13ம் நூற்றாண்டுல மெய்கண்டார் சிவஞானபோதம்னு பன்னெண்டே நூற்பாவுல இத அடக்கிட்டாரு. அவரோட மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார்ல, புள்ள சொன்ன பேச்சக் கேக்கலன்னா பெத்தவங்க வளார் எடுத்து அடிப்பாங்க, கட்டியும் போடுவாங்க, பாத்தா அதுவும் பரிவுதானேன்னு கேக்குறாரு, இறைவனோட கோவமும் அப்படித்தானாம்.

வேதாந்தத்துலயும் இந்தக் கேள்வி இருக்கு. பிரம்ம சூத்திரம் 2.1.34, இறைவனுக்கு ஓரவஞ்சனையும் இல்ல, இரக்கமில்லாமையும் இல்ல, அவர் வினையப் பாத்துத்தான் கொடுக்குறாரு. சங்கரர் அதுக்கு மழைய உவமை சொல்றாரு. மழை எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் பெய்யுது, நெல்லு முளைக்குறதும் வாற்கோதுமை முளைக்குறதும் விதையப் பொறுத்தது. அப்ப முதல் வினை எப்படி வந்துச்சுன்னு அடுத்த சூத்திரத்துல அவரே கேட்டு, வினைக்குத் தொடக்கம் இல்லைன்னு முடிக்கிறாரு.

அதனால படைத்தோன் பண்பிலாளன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவன் எதைப் படைச்சான்னு கேக்கணும்.

ரங்கூன்பேரன்:

அய்யா, மடத்துப் பாடம் நல்லாருக்கு. ஆனா நான் கணக்குப்புள்ள வம்சம், எனக்கு ஒரு சந்தேகம்.

நம்ம பெட்டியடியில (வட்டிக்கடைக் கணக்கு எழுதுற எடம்) ஒரு பேரேடு இருந்தா முதல் பக்கத்துல ஆரம்ப இருப்பு எழுதியிருக்கும். வருசக் கடைசியில ஐந்தொகை எடுத்தா பற்றுக்கும் வரவுக்கும் ஒத்து வரணும், ஒரு அணா இடிச்சாலும் ராத்திரி பூரா உக்காந்து தேடுவாக எங்க ஐயா (தாத்தா). நீங்க சொல்ற வினைப் பேரேட்டுல முதல் பக்கமே இல்ல. முன்பாக்கி இருக்கு, ஆனா எப்ப வாங்குன கடன்னு கடன்காரனுக்குத் தெரியாது, பத்திரம் காட்ட மாட்டாக, கையெழுத்து நம்ம கையெழுத்தான்னும் தெரியாது, வட்டி மட்டும் வசூல் ஆகுது. இந்த மாதிரி ஒரு பேரேட்ட எங்க ஐயாகிட்ட கொண்டுபோயிருந்தா தூக்கி முற்றத்துல எறிஞ்சிருப்பாக.

ஐயா கதையும் சொல்லிடுறேன். 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஐயா அப்ப பத்தொம்பது வயசு, வட்டிக்கடையில அடுத்தாளு (உதவியாளு). கப்பல்ல எடம் இல்ல, அரக்கான் மலை வழியா நடந்தாக. வழி பூரா காலரா. கூட வந்த தம்பி முறை உள்ள பையன ஒரு ஓடைக்கரையில விட்டுட்டு வந்தாக, புதைக்கக்கூட முடியல, சாகுறதுக்குள்ளயா செத்தப்புறமா விட்டாகன்னு கடைசி வரை சொல்லல. ஊருக்கு வந்து பிள்ளையார்பட்டியில போயி நின்னு 'என்னை மட்டும் ஏன் கொண்டாந்த'ன்னு கேட்டாகளாம். நன்றி சொல்லல பாருங்க, கேள்வி கேட்டாக.

ஆனா இதுல இன்னொரு பக்கம் இருக்கு, அத நம்ம வீட்டுல யாரும் பேச மாட்டாக. முப்பதுகள்ல உலகம் பூரா நெல் வெலை விழுந்தப்ப, அடமானம் வச்ச பர்மாக்காரன் நெலமெல்லாம் கடன் கொடுத்த நம்ம செட்டியாருககிட்ட வந்து விழுந்துச்சு. அந்தப் பத்து வருசம் முடியும்போது கீழ் பர்மா நெல்லு வயல்ல கால்வாசிக்குப் பக்கம் நம்ம ஆளுக கையில. நம்ம ஆளுக விவசாயம் பண்ணப் போகல, கடனுக்கு வந்த நெலம், இருந்தாலும் அந்த உழவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவனும் புத்தரு முன்னாடி போயி நின்னு 'போன சென்மத்துல என்ன செஞ்சேன்'னுதான் நினைச்சிருப்பான். அவன் செஞ்ச வினை இல்ல, சிகாகோவுலயும் லண்டன்லயும் வெலை விழுந்த வினை. அப்புறம் 1962ல ராணுவம் வந்து நம்மளயும் வெறுங்கையா அனுப்பிச்சு. எங்க வீட்டுல அதுக்கு மட்டும் 'கர்மா'ன்னு யாரும் சொல்லல, 'அநியாயம்'னாக. அடுத்தவனுக்கு வந்தா வினை, நமக்கு வந்தா அநியாயம்.

கோவிலூர்வாசி:

நல்ல கேள்வி தம்பி. அநாதின்னா முதல் பக்கம் காணாமப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, முதல் பக்கமே கிடையாதுன்னு அர்த்தம். இது பேரேட்டுக்கு ஒத்து வராது. முட்டையா கோழியா... சரி, யோசிச்சு எழுதுறேன்.

ஒண்ணு மட்டும். வினைக்கொள்கைய வச்சு அடுத்தவனக் குத்தம் சொல்றது வேற, என் துன்பத்துக்கு நான் பொறுப்புன்னு ஏத்துக்குறது வேற. 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'ன்னு கணியன் சொன்னது ரெண்டாவது. பட்டாலையில அந்தப் பெரியவர் செஞ்சது முதல்து.

இளையாங்குடி_பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். நாங்க ஒருத்தன்தான்னு சொல்றவங்க, அதனால இந்தக் கேள்வி எங்க வீட்டுலதான் ரொம்ப சூடா இருந்துச்சு. ஒரு கதை சொல்றேன், ஆயிரம் வருசப் பழசு.

முஃதஸிலான்னு ஒரு கூட்டம், அறிவ வச்சே எல்லாத்தையும் தீத்துரலாம்னு சொன்னவங்க. அல்லாஹ் நீதியானவன், மனுசனுக்கு எது நல்லதோ அத மட்டும்தான் செய்வான், செய்யணும்னாங்க. அதுல பெரிய உஸ்தாது ஜுப்பாயி. அவருகிட்ட படிச்ச அஷ்அரி ஒரு நாள் கேக்குறாரு. மூணு அண்ணன் தம்பி. ஒருத்தன் நல்லவனா வாழ்ந்து செத்தான், ஒருத்தன் கெட்டவனா வாழ்ந்து செத்தான், மூணாவது சின்ன வயசுலயே மௌத்து. இவங்க கதி என்ன? உஸ்தாது சொல்றாரு, முதல் ஆளுக்கு சொர்க்கம், ரெண்டாமவனுக்கு நரகம், புள்ளைக்கு தண்டனை இல்ல, ஆனா பெரிய எடமும் இல்ல. அப்ப அந்தப் புள்ள, 'ரப்பே, என்னை வளர விட்டிருந்தா நானும் நல்லது செஞ்சு அண்ணன் எடத்துக்குப் போயிருப்பேனே'ன்னு கேட்டா? 'நீ வளந்தா கெட்டுப்போவன்னு எனக்குத் தெரியும், உன் நல்லதுக்குத்தான் முன்னாடியே எடுத்தேன்'னு அல்லாஹ் சொல்வான். சரி, இப்ப நரகத்துலருந்து நடு அண்ணன் கத்துறான், 'எனக்கும் அது தெரியுமே உனக்கு, என்னையும் சின்ன வயசுலயே எடுத்திருக்க வேண்டியதுதானே?'

உஸ்தாது வாயடைச்சுப் போனாராம். அஷ்அரி அந்தக் கூட்டத்த விட்டு வெளிய வந்துட்டாராம்.

முகப்புத்தூண் அண்ணே, அடுத்த தடவை யாராச்சும் 'நல்லதுக்குத்தான் சாமி எடுத்துக்கிட்டாரு'ன்னு சொன்னா இந்த நடு அண்ணன நினைச்சுக்கங்க. நான் என்ன நம்புறேன்னா, அவன் கணக்கு நம்ம கைக்கு அடங்காது. குர்ஆன்ல கஹ்ஃப் சூராவுல மூஸா நபியே, மறைவான ஞானம் உள்ள ஹிள்ரு கூட நடந்து மூணு தடவை பொறுமை இழந்துட்டாரு, நம்ம எம்மாத்திரம். நாங்க மய்யித்து வீட்டுல அதிகம் பேச மாட்டோம். 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' (நாம அல்லாஹ்வுக்கு உரியவங்க, அவன்கிட்டயே திரும்புறோம்)னு சொல்லிட்டு, மூணு நாளைக்கு அக்கம்பக்கத்துலருந்து சோறு போகும்.

கருப்புச்சட்டை:

பாய், கதை அருமை, நம்ம கூட்டத்துல சொல்லிக்கிறேன். ஆனா 'கணக்கு நம்ம கைக்கு அடங்காது'ன்னு சொல்லிட்டா அப்புறம் அவன் நல்லவன்னு மட்டும் எப்படித் தெரியும்? அடங்காத கணக்குல அது மட்டும் அடங்கிருச்சா?

இளையாங்குடி_பாய்:

தெரியாது தம்பி. நம்புறேன். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல.

சம்பைஊத்து:

நான் பெங்களூருல ஐடி, சொந்த ஊரு காரைக்குடி. எல்லாரும் தத்துவம் பேசுறீங்க, நோயப் பத்தி ஒருத்தரும் பேசல. உடம்புல செல்லு பிரியும்போது எழுத்துப்பிழை மாதிரி தப்பு விழும். அந்தத் தப்பே விழாதுன்னா பரிணாமமும் இல்ல, நாமளும் இல்ல. பூமித்தட்டு நகர்றதாலதான் மலையும் மண்ணும், அதே தட்டு நகர்ந்துதான் சுனாமி. இதுல யாரும் யாரையும் குறி வைக்கல.

இன்னொண்ணு. 1947 வரைக்கும் சின்னப் புள்ளைகளுக்கு வர்ற ரத்தப் புத்துநோய்க்கு எதுவுமே கிடையாது, சில வாரம், சில மாசம், அவ்வளவுதான். அந்த வருசக் கடைசியில பாஸ்டன்ல ஃபார்பர்னு ஒரு டாக்டர் முதல் தடவையா ஒரு மருந்து கொடுத்து நோய கொஞ்ச நாளைக்கு அடங்க வச்சாரு. இப்ப வசதியான நாடுகள்ல அதுல ரொம்பப் பரவலா வர்ற வகைக்கு பத்துக்கு ஒம்பது புள்ள பொழைக்குது. அதுக்குக் கொடுக்குற முக்கியமான மருந்துல ஒண்ணு வின்கிரிஸ்டின், 1963ல அமெரிக்காவுல அனுமதி. அது எதுலருந்து எடுக்குறாங்க தெரியுமா? நித்தியகல்யாணிப் பூச்செடி. நம்ம ஊர்ல சுடுகாட்டுமல்லின்னு சொல்ற அதே செடிதான். அண்ணே உங்க தெருக் கதையப் படிச்சதும் எனக்கு இதுதான் தோணுச்சு, ஒரே செடிக்குக் கல்யாணம்னும் பேரு சுடுகாடுன்னும் பேரு.

ஓரியூர்மண்ணு:

பாத்தீங்களா, மருந்தையும் வச்சுத்தான் அனுப்பியிருக்காரு.

கருப்புச்சட்டை:

சுடுகாட்டுல நட்டு வச்சுட்டு யாருக்கும் சொல்லாமப் போயிட்டாரு. எத்தனை வருசம் அந்தச் செடிக்குப் பக்கத்துலயே புள்ளைகளப் பொதச்சோம். மருந்து இருக்குற எடத்த டாக்டரு மறைச்சு வச்சா கேஸ் போடுவோமா மாட்டோமா?

கண்டாங்கி:

ஒரு வாரமா படிச்சுட்டுத்தான் இருக்கேன், எழுத வேண்டாம்னு பாத்தேன். சுடுகாட்டுமல்லி வரைக்கும் போயிட்டீக, இனி சும்மா இருக்க முடியல.

என் மகனுக்கு இருபத்து மூணு வயசு. பொறந்ததுலருந்து நடக்க மாட்டான், பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும். மூளைவாதம். இன்னிக்கும் நான்தான் குளிப்பாட்டி விடுறேன், எனக்கு இடுப்பு போயிருச்சு. இந்த இருபத்து மூணு வருசத்துல அந்தப் பட்டாலைப் பெரியவர் மாதிரி எத்தனை பேரப் பாத்திருப்பேன். பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவுல வச்ச நூல்திரி) எடுக்கப் போன எடத்துல ஒரு ஆச்சி, 'நீ போன சென்மத்துல யாரு காலையோ ஒடிச்சிருக்க'ன்னாக. இழைய வாயில போட்டுக்கிட்டேன், பதில் பேசல. அவுகளுக்கே அப்புறம் மூட்டு ஆபரேஷன் ஆச்சு, நான் போயி அந்த மாதிரி ஒண்ணும் கேக்கல.

கோவிலூர் அண்ணே, நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல, எனக்கு அவ்வளவு படிப்பும் இல்ல. புள்ளய அடிக்கிற அப்பச்சின்னீகளே. அப்பச்சி அடிக்கும்போது புள்ளைக்குத் தெரியும் எதுக்கு அடிவிழுதுன்னு. இல்லன்னா அடிச்சவுகளே சொல்லுவாக. இவரு சொல்லவே இல்லையே. அப்பரப் பாருங்க, சூலை நோயில வயித்தப் புடிச்சுக்கிட்டு திருவதிகையில உருண்டாரே, 'கொடுமைபல செய்தன நானறியேன்'. நான் அறியேன்கிறாரு. என்ன செஞ்சேன்னு தெரியலையேன்னு அவ்வளவு பெரிய ஆளே சொல்லும்போது, அடுத்த வீட்டுக்காரிக்கு மட்டும் நான் செஞ்சது எப்படித் தெரிஞ்சுச்சு?

நான் கோயிலுக்குப் போறத நிறுத்தல. ஆனா அங்க போயி நான் பாடுறது சுந்தரர. ஒரு கண்ணு தெரியாம திருவாரூர் போயி நின்னு பாடுனது. 'மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி, ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால் வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர் வாழ்ந்து போதீரே'. எங்க கஷ்டத்தச் சொன்னா சும்மா உக்காந்திருக்கீரு, நல்லாயிரும் சாமி, நல்லா வாழும்! இத ஒரு நாள் சத்தமாப் பாடுனேன், பக்கத்துல நின்னவுக நல்ல பக்தின்னு நினைச்சிருப்பாக. நான் ஏசிக்கிட்டு இருந்தேன். அவரு இல்லன்னா யாரப் போயி ஏசுறது, கருப்புச்சட்டை தம்பி? செல்லு பிரியிறதப் போயா?

கருப்புச்சட்டை:

ஆச்சி, உங்ககிட்ட வாதம் பண்ண மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, அந்தச் சூலைய அப்பருக்குக் கொடுத்ததே சிவன்தான்னு பெரியபுராணம் சொல்லுது, சமணத்துலருந்து திரும்பக் கொண்டாரதுக்கு. அது எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான்.

கண்டாங்கி:

எனக்கும்தான் புடிக்கல. அதையும் அவருகிட்ட சொல்லியாச்சு.

முகப்புத்தூண்:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, உங்க பதிவ மூணு தடவை படிச்சேன். நடந்தத சொல்லணும், ஏன்னா நான் ஆரம்பிச்ச எடத்துக்கே அது வேட்டு வைக்குது.

நேத்து அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். மன்னிப்பு கேக்கணும்னுதான் போனேன், அன்னிக்கு அந்தப் பெரியவர் பேசுனப்ப வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்னு. புள்ளயோட ஆத்தா காப்பி கொண்டாந்து வச்சுட்டு எதுக்க உக்காந்துச்சு. நான் சொல்ல ஆரம்பிச்சதும் கையக் காட்டி நிறுத்திருச்சு. 'அண்ணே, அவுக சொன்னது வலிச்சுச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா நான் அதையேதான் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். போன சென்மத்துல நான் செஞ்சது, அவ மேல விழுந்துருச்சுன்னு வச்சுக்கிட்டா ஒரு காரணமாச்சும் இருக்கு. ஒண்ணுமே இல்லாம சும்மா வந்துச்சு சும்மா போச்சுன்னு டாக்டரு சொன்னாக பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.'

நான் என்ன சொல்ல? நான் அந்தப் பதில கொடூரம்னு நினைச்சுக்கிட்டு பத்து நாளா உங்க எல்லாரையும் கூட்டி வச்சிருக்கேன், அந்தப் பொண்ணு அதத் தலகாணிக்குக் கீழ வச்சுக்கிட்டுத் தூங்குது. காப்பியக் குடிச்சேன். ஆறிப்போச்சு. எதுத்தாப்புல கல்யாணப் பந்தக்கால் இன்னும் பிடுங்கல.

ரங்கூன்பேரன்:

ஐயாவும் கடைசி காலத்துல அப்படித்தான் அண்ணே. அந்த ஓடைக்கரைப் பையனப் பத்தி 'என் வினை'ன்னு மட்டும் முனகுவாக. வேற யாரும் அத சொன்னா அடிக்க வருவாக.

கண்டாங்கி:

அந்தப் பொண்ணுகிட்ட யாரும் போயி திருத்தாதீக. காரணம் தானா விழும், விழாமலும் இருக்கும். ஊரும் தெருவும் தனிச்செய்தியில சொல்லுங்க தம்பி, வெள்ளிக்கெழமை பக்கத்து வீட்டுப் பொண்ண மகனுக்குத் துணைக்கு வச்சுட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போறேன். பேச வரல, சும்மா கூட இருக்க வர்றேன்.

முகப்புத்தூண்:

அனுப்பிட்டேன் ஆச்சி. பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் போன் போடுங்க, வண்டி கொண்டாறேன்.

கோவிலூர்வாசி:

ரங்கூன் தம்பியோட பேரேட்டுக் கேள்விக்கும், பாயோட நடு அண்ணனுக்கும் நான் இன்னும் பதில் எழுதல, மறக்கல. ஆச்சி கேட்டதுக்கு, அடிச்சவரு ஏன் சொல்லலன்னு, திரோதானம்னு ஒரு பதில் இருக்கு, ஐந்தொழில்ல நாலாவது, மறைக்குறதும் அவர் தொழில்தான்னு. எழுத உக்காந்தேன். எழுதி எழுதி அழிச்சுட்டேன், அந்த ஆத்தா எதுக்க உக்காந்திருக்குற மாதிரியே இருக்கு. சாயங்காலம் மடத்துல ஒருத்தரக் கேட்டுட்டு வர்றேன். இங்க கரண்டும் போயிருச்சு, போன்ல சார்ஜ் 6தான் இருக்கு.